புதுசா போட் வாங்கினவங்களுக்கு: எஞ்சின் மக்கர் பண்ணா எதுலேருந்து பாக்கணும்

காசிமேடு பக்கம் பன்னெண்டு வருஷமா அவுட்போர்டு எஞ்சின், அதாவது போட்டுக்குப் பின்னாடி வெளிய மாட்டுற எஞ்சின், ரிப்பேர் பண்றேன். கடல்லயே பொறந்து வளந்தவங்க போட்டும் வருது, இப்ப கொஞ்ச வருஷமா தூண்டில் போடுறதுக்குன்னு முதல் தடவையா செகண்ட் ஹாண்ட்ல ஃபைபர் போட் வாங்குறவங்க போட்டும் நிறைய வருது. இந்த ரெண்டாவது ஆளுங்களுக்காகத் தான் இத எழுதுறேன், ஏன்னா ஒரே நாலஞ்சு பிரச்சனைக்குத் தான் திரும்பத் திரும்ப போன் வருது, அதுல பாதிக்கு மேல கரையிலயே பத்து ரூபா செலவுல முடிஞ்சிருக்க வேண்டியது.

போன ஜனவரில காலைல ஆறரைக்கு ஒரு தம்பி போன் பண்றாரு. "ண்ணா, கோவளத்துலேருந்து ஒரு கிலோமீட்டர் உள்ள வந்துட்டோம்ணா, எஞ்சின் நின்னுபோச்சு, கார்பரேட்டர கழட்டிட்டு இருக்கேன்." நான் கேட்டேன், நங்கூரம் போட்டியாப்பா? இல்லண்ணா. டேங்க் மூடி மேல ஒரு சின்ன காத்து திருகு இருக்கும், அது திறந்திருக்கா பாரு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "மூடியிருக்குண்ணா"ன்னாரு. அதுக்குள்ள கார்பரேட்டர் கிண்ணத்தோட திருகு ஒண்ணு உருண்டு கடல்ல விழுந்துடுச்சு, குப்பத்து போட் ஒண்ணு போய் கட்டி இழுத்துட்டு வந்தாங்க. விரலால ரெண்டு சுத்து சுத்தினா சரியாகியிருக்கும்.

அதனால நான் சொல்றது ஒண்ணு தான், பாக்குறத டேங்க்லேருந்து ஆரம்பிங்க, எஞ்சின் கவர கடைசியா திறங்க.

எந்த பிரச்சனையா இருந்தாலும் முதல் ரெண்டு நிமிஷம்

எஞ்சின் நின்ன உடனே நங்கூரம் போடுங்க. ஸ்பேனர அப்புறம் எடுக்கலாம். நம்ம கரையோரம் நீரோட்டம் சும்மா இருக்காது, வடகிழக்கு பருவ மாசத்துல தெக்கே இழுக்கும், மாசி பங்குனி தாண்டினா வடக்கே இழுக்கும், நீங்க குனிஞ்சு எஞ்சின பாத்துட்டு இருக்கிற பத்து நிமிஷத்துல போட் தானா அலை உடையுற இடத்துக்குப் போயிடும். காசிமேட்டுலேருந்து எண்ணூர் வரைக்கும் கரை பூரா கல்லும், அலைய தடுக்க கடலுக்குள்ள கல்லு கொட்டி கட்டின தூண்டில் வளைவும், அதுல ஃபைபர் போட் மோதினா என்ன ஆகும்னு நான் சொல்லவே வேணாம். கயிறு ஆழத்துக்கு அஞ்சு மடங்காவது இருக்கணும், பத்து மீட்டர் ஆழத்துல பதினஞ்சு மீட்டர் கயிறு வச்சிருந்தா நங்கூரம் பிடிக்காது, இழுத்துட்டே வரும்.

லைஃப் ஜாக்கெட் எல்லாரும் போட்டுக்கோங்க. எஞ்சின் பதினஞ்சு இருபது நிமிஷத்துல சரியாகல, காத்து ஏறுது, இல்ல நங்கூரம் நிக்கலன்னா கூச்சப்படாம கூப்பிடுங்க. கோஸ்ட் கார்டு 1554, கடலோர பாதுகாப்பு குழுமம் 1093. இந்த ரெண்டு நம்பரும் போன்ல மட்டும் இருந்தா பத்தாது, போட் உள்பக்கம் மார்க்கர்ல எழுதி வைங்க, போன் நனைஞ்சிட்டா பக்கத்து ஆளு போன்லேருந்து அடிக்கணும்ல.

இழுத்து இழுத்து கை போச்சு, ஸ்டார்ட்டே ஆகல

முதல்ல சிவப்பு கயிறு. அதோட முனைல இருக்கிற கில் சுவிட்ச் கிளிப், அதாவது எஞ்சின நிறுத்துற கிளிப், மாட்டியிருக்கான்னு பாருங்க, அது கழண்டிருந்தா நூறு தடவை இழுத்தாலும் ஸ்பார்க் வராது. அப்புறம் கியர் நியூட்ரல்ல இருக்கா, டேங்க் மூடில காத்து திருகு திறந்திருக்கா, ஹோஸ் ரெண்டு முனையும் 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் மாட்டியிருக்கா. ஹோஸ் நடுவுல கையால அமுக்குற ரப்பர் பல்பு மேல ஒரு அம்புக்குறி இருக்கும், அது எஞ்சின் பக்கம் பாக்கணும், புது ஹோஸ் மாத்தும்போது திருப்பிப் போட்டு வந்தவங்க எங்கிட்டயே மூணு பேர்.

பல்ப அமுக்குங்க, கல்லு மாதிரி இறுகணும். எஞ்சின் சில்லுனு இருந்தா சோக் இழுக்கணும், இப்பத்தான் ஓடி நின்ன எஞ்சினுக்கு சோக் வேணாம், இழுத்தா பெட்ரோல் நிரம்பிக்கும்.

இதெல்லாம் சரியா இருந்தும் பத்து தடவை இழுத்து வரலன்னா நிறுத்திட்டு ஸ்பார்க் ப்ளக்க கழட்டுங்க. மீதிய ப்ளக்கே சொல்லிடும்.

*ப்ளக் பெட்ரோல்ல நனைஞ்சிருக்கு:* ஒண்ணு பெட்ரோல் அதிகமாகியிருக்கு, இல்ல ஸ்பார்க் வரல. சோக்க உள்ள தள்ளுங்க, கில் சுவிட்ச் கிளிப்ப எடுத்துடுங்க, ப்ளக் இல்லாமயே எட்டு பத்து தடவை இழுத்து உள்ள இருக்கிற பெட்ரோல வெளிய தள்ளுங்க, ப்ளக்க துணியால தொடச்சு காயவிட்டு மாட்டுங்க. அப்பவும் வரலன்னா புது ப்ளக். நூறு இருநூறு ரூபா சமாச்சாரம், ரெண்டு ப்ளக்கும் அத கழட்டுற ஸ்பேனரும் போட்லயே ஒரு டப்பால இருக்கணும். புது ப்ளக் போட்டும் வரலன்னா அதுக்கு மேல காயில், சிடிஐ, ஸ்டேட்டர்னு ஸ்பார்க் உண்டாக்குற கரண்ட் பாகங்க. இது மெக்கானிக் வேலை. அலையில ஆடுற போட்ல, பெட்ரோல் வாடை இருக்கும்போது ப்ளக்க வெளிய வச்சு ஸ்பார்க் வருதான்னு பாக்கவே பாக்காதீங்க.

*ப்ளக் காஞ்சு கிடக்கு:* பெட்ரோலே மேல வரல. அடுத்த தலைப்புக்குப் போங்க.

*ப்ளக்ல தண்ணி முத்து முத்தா நிக்குது:* பெட்ரோல்ல தண்ணி. இது தான் சென்னைல எனக்கு வர்ற நம்பர் ஒன் கேஸ், இதப் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கு. பெரும்பாலான அவுட்போர்டு மேனுவல்ல 10 சதவீதம் வரைக்கும் தான் போட்டிருப்பாங்க. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், நம்ம ஊர் கடலோர ஈரத்துல அரை டேங்க் பெட்ரோல ஒரு மாசம் வச்சீங்கன்னா கொஞ்சம் கொஞ்சமா தண்ணி சேந்து ஒரு கட்டத்துல எத்தனாலும் தண்ணியும் ஒண்ணா பிரிஞ்சு அடில போய் படுத்துக்கும். எஞ்சின் உறிஞ்சுறதும் அடிலேருந்து தான். விசைப்படகுக்கு ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் இல்லையா, அந்த சமயத்துல சின்ன போட்டையும் சும்மா நிறுத்திடுறவங்க நிறைய பேர், ஜூன் மூணாவது வாரம் என் ஷெட்டுக்கு வர்றதெல்லாம் இதே கேஸ் தான்.

செக் பண்றது ஈசி. ஒரு கண்ணாடி பாட்டில்ல டேங்க் அடிலேருந்து கொஞ்சம் ஊத்தி பத்து நிமிஷம் ஆடாம வைங்க. அடில கோடு போட்ட மாதிரி ஒரு தனி அடுக்கு தெரிஞ்சாலோ, பாக்குறதுக்கு மங்கலா பால் கலந்த மாதிரி இருந்தாலோ அந்த பெட்ரோல் வேணாம். மேல இருக்கிறது நல்லா தானே இருக்குன்னு அத மட்டும் எடுத்து ஊத்துற வேலையும் வேணாம், அதோட தரம் போயிருக்கும். டேங்க்க காலி பண்ணி, தொடச்சு, புது பெட்ரோல். கார்பரேட்டர் கிண்ணத்து அடில ஒரு ட்ரெயின் திருகு இருக்கும், கரைக்கு வந்ததும் அத திறந்து அதையும் காலி பண்ணுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல ஓட்ட மாட்டீங்கன்னா கடைசியா ஓட்டும்போதே ஹோஸ கழட்டி விட்டு, கார்பரேட்டர் காலியாகி எஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, தண்ணிக்குள்ளயோ ட்ரம்லயோ வச்சுத் தான். மண்ணெண்ணெய் எஞ்சின் வச்சிருக்கவங்க நிறுத்துறதுக்கு முன்னாடி பெட்ரோலுக்கு மாத்தி கொஞ்சம் ஓட்டிட்டு நிறுத்துங்க, இல்லன்னா அடுத்த நாள் காலைல ஸ்டார்ட் ஆகாது.

டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் கலக்குறது மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது தான், 50க்கு 1ன்னு போட்டிருந்தா லிட்டருக்கு 20 மில்லி. கண்ணு அளவுல ஊத்தாதீங்க.

ஸ்டார்ட் ஆகுது, பத்து நிமிஷம் போனா நின்னுடுது

இதுக்கு பல்ப பாத்தா போதும். ஒரு ஆளு ஓட்டட்டும், இன்னொரு ஆளு எஞ்சின் மூச்சு வாங்க ஆரம்பிக்கும்போது பல்பு மேல கைய வைக்கட்டும்.

*பல்பு சப்பிப் போய் உள்ள ஒட்டியிருக்கு:* அடைப்பு பல்புக்கும் டேங்க்குக்கும் நடுவுல. காத்து திருகு மூடியிருக்கும், இல்ல ஹோஸ் மேல ஐஸ் பெட்டிய வச்சிருப்பீங்க, இல்ல டேங்க் உள்ள இருக்கிற உறிஞ்சு குழாயோட வலைல அழுக்கு.

*எவ்வளவு அமுக்கினாலும் இறுகல:* டேங்க்ல பெட்ரோல் இருக்குன்னு பாத்துட்டு, காத்து எங்கயோ உள்ள இழுக்குதுன்னு வச்சுக்கோங்க. கனெக்டர் உள்ள ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கும், எத்தனால் பட்டுப் பட்டு ஊறி வெடிச்சிருக்கும், பத்து இருபது ரூபா தான். சோப்பு தண்ணிய ஒவ்வொரு ஜாயிண்ட் மேலயும் தடவி பல்ப அமுக்குங்க, நுரை வர்ற இடம் தான் லீக். ஜாயிண்ட் எல்லாம் சரின்னா பல்பு உள்ள இருக்கிற வால்வு போயிருக்கும், பல்பையும் ஹோஸையும் சேத்து மாத்திடுங்க, ஒட்டு போடாதீங்க.

*பல்ப விடாம அமுக்கிட்டே இருந்தா ஓடுது, விட்டா நிக்குது:* எஞ்சின்ல இருக்கிற ஃப்யூயல் பம்ப்போட டயாஃப்ரம், அதாவது உள்ள இருக்கிற மெல்லிசான சவ்வு, கிழிஞ்சிருக்கு. அமுக்கிட்டே கரைக்கு வந்துடலாம், அதுக்கு அப்புறம் டயாஃப்ரம் கிட் மாத்தணும்.

*பல்பு நல்லா இறுகியிருக்கு, ஆனாலும் நிக்குது:* அடைப்பு பல்புக்கு அந்தப்பக்கம். முதல்ல ஃபில்டர், அப்புறம் கார்பரேட்டர் ஜெட், அதாவது பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை. மெதுவா போனா ஓடுது, வேகம் கொடுத்தா திணறுதுன்னா பெரிய ஜெட்டுல அடைப்பு, ஐட்லிங்ல நிக்கவே மாட்டேங்குதுன்னா சின்ன ஜெட்டு. கார்பரேட்டர் சர்வீஸ கரையில, வெள்ளத் துணி விரிச்சு பண்ணுங்க, கம்பி விட்டு ஜெட்ட குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும், க்ளீனர் ஸ்ப்ரேயும் காத்தும் போதும். கை வராதுன்னு தோணுச்சுன்னா கழட்டாம கொண்டு வாங்க. பாதி கழட்டி கவர்ல போட்டு வர்ற எஞ்சினுக்குத் தான் செலவு ரெண்டு மடங்கு ஆகுது.

பின்னாடி தண்ணி பீச்சுறது நின்னுபோச்சு

எஞ்சின் ஓடும்போது பின்பக்கம் மெல்லிசா தண்ணி பீச்சும்ல, எஞ்சின குளிர வச்சுட்டு வெளிய வர்ற தண்ணி அது, அது தான் எஞ்சினுக்கு மூச்சு. அத அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பாக்குற பழக்கத்த முதல் நாள்லேருந்து வச்சுக்கோங்க. நின்னுச்சுன்னா உடனே ஆஃப். கரை பக்கத்துல தானே, போயிடலாம்னு ஓட்டினவங்க எஞ்சின் பிஸ்டன் ஒட்டிப்போய் வந்திருக்கு, அதோட விலை பாதி போட் விலை.

எஞ்சின தூக்கிப் பாருங்க. அடையாறு, கூவம் முகத்துவாரம் பக்கம், அதுவும் மழை முடிஞ்ச உடனே போனீங்கன்னா தண்ணி இழுக்கிற சல்லடைல பிளாஸ்டிக் கவர் ஒட்டியிருக்கும், எடுத்துப் போட்டா சரி. அது இல்லன்னா தண்ணி பீச்சுற ஓட்டைலயே உப்பும் மணலும் அடைச்சிருக்கும், தடிமனான தூண்டில் நரம்ப ஒரு விரல் நீளம் விட்டு குத்துங்க. ஆற விட்டு ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷம் பாருங்க. வந்தா போங்க. வரலன்னா துடுப்பு, இல்ல இழுவை, ஓட்டக் கூடாது.

கரைக்கு வந்த அப்புறம் அடுத்து பாக்க வேண்டியது இம்பெல்லர். தண்ணிய மேல தள்ளுற ரப்பர் சக்கரம், கியர் பாக்ஸ் மேல உக்காந்திருக்கும். முட்டுக்காடு, எண்ணூர், பழவேற்காடு மாதிரி மணல் திட்டு இருக்கிற இடத்துல ஓட்டுறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்திடுங்க, மத்தவங்க வருஷத்துக்கு ஒண்ணு. போன மாசம் ஒரு எஞ்சின் திறந்தேன், ஆறு இதழ் இருக்க வேண்டிய இம்பெல்லர்ல நாலு தான் இருந்துச்சு, மாத்திட்டு ஓட்டினா மறுபடி சூடு. உடைஞ்ச ரெண்டு இதழும் மேல தண்ணிக்குழாயில போய் உக்காந்திருந்துச்சு. அதனால பழச எடுக்கும்போது இதழ எண்ணுங்க, குறைஞ்சிருந்தா அந்த துண்டு கிடைக்கிற வரைக்கும் தேடணும்.

இம்பெல்லரும் புதுசு, ஓட்டையும் சுத்தம், ஆனாலும் சூடாகுதுன்னா தெர்மோஸ்டாட், அதாவது சூடு ஏறினா தண்ணிக்கு வழி திறக்கிற வால்வு. கழட்டி வெந்நீர்ல போட்டா திறக்கணும், திறக்கலன்னா மாத்துங்க. அதுவும் சரின்னா உள்ள உப்பு கட்டியிருக்கு, இல்ல ஹெட் கேஸ்கெட், ரெண்டுமே மெக்கானிக் கிட்ட வரணும்.

தண்ணி இல்லாம கரையில "சும்மா ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்குறேன்"னு ஓட்டாதீங்க, சில செகண்ட்லயே இம்பெல்லர் கருகிடும். ஒவ்வொரு தடவை வந்ததும் ட்ரம்ல நல்ல தண்ணி விட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் ஓட்டுங்க. சென்னைல தண்ணி கஷ்டம் எனக்குத் தெரியும், ஆனா அந்த ஒரு ட்ரம் தண்ணில தான் எஞ்சினோட ஆயுசே இருக்கு.

எஞ்சின் கத்துது, படகு நகரல

முதல்ல ஆஃப் பண்ணி, சிவப்பு கயிற கழட்டிட்டு எஞ்சின தூக்குங்க. காத்தாடில, அதாவது ப்ரொப்பெல்லர்ல, வலை, நைலான் கயிறு, சாக்கு சுத்தியிருக்கும், அறுத்து எடுங்க.

காத்தாடி சுத்தமா இருக்கு, ஆனா கையால சுத்தினா லேசா தனியா சுத்துதுன்னா சின்ன எஞ்சின்ல காத்தாடிய தண்டோட பிடிச்சு வைக்கிற ஷியர் பின் உடைஞ்சிருக்கும். பாறையில பட்டா கியர் உடையாம இருக்கிறதுக்கு அது தான் முதல்ல உடையணும், அதுக்காகவே மிருதுவான உலோகத்துல பண்ணியிருக்காங்க. ரெண்டு ஸ்பேர் பின், ரெண்டு காட்டர் பின் டப்பால வைங்க. அவசரத்துக்கு ஆணிய வெட்டிச் சொருகினவங்க அடுத்த பாறையில கியர் பாக்ஸையே இழந்திருக்காங்க, தயவு செஞ்சு செய்யாதீங்க.

பின் இல்லாத மாடல்னா நடுவுல ரப்பர் புஷ் இருக்கும். அது நழுவுதான்னு பாக்க நடு உருளையிலேருந்து வெளி வளையம் வரைக்கும் மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க, வேகம் கொடுத்து ஓட்டிட்டு வந்து பாருங்க. கோடு ரெண்டா பிரிஞ்சு நின்னா புஷ் போச்சு, மெதுவா ஓட்டினா கரை வந்துடலாம், காத்தாடிய மாத்தணும்.

இது எதுவும் இல்ல, ஆனா போன வருஷத்த விட போட் மெதுவா போகுதுன்னா அடிய பாருங்க, கொட்டலசு, அதாவது ஓட்டோட கெட்டியா ஒட்டிக்கிற சின்ன கடல் உயிரி, மொய்ச்சிருக்கும். தண்ணிலயே நிறுத்தி வைக்கிறவங்களுக்கு ரெண்டே மாசத்துல வந்துடும், மரக்கட்டையால சுரண்டுங்க, இரும்பு போட்டா மேல் பூச்சு போயிடும்.

கியர் ஆயில் பால் மாதிரி இருக்கு

காத்தாடிக்குப் பின்னாடி தூண்டில் நரம்பு சுத்தி, தண்ணி உள்ள போகாம தடுக்கிற சீல் வெட்டுப்பட்டிருக்கும், உள்ள கடல் தண்ணி போயிருக்கு. சீல் மாத்துறது மெக்கானிக் வேலை, ஆயில மட்டும் மாத்திட்டு ஓட்டினா ஒரு மாசத்துல கியர் துரு பிடிச்சிடும். மாசத்துக்கு ஒரு தடவை காத்தாடிய கழட்டி அந்த இடத்த பாருங்க, தூண்டில் போடுறவங்க போட்ல தான் இது அதிகம்.

போட் உள்ள தண்ணி ஏறுது

நாக்குல ஒரு சொட்டு வச்சுப் பாருங்க. உப்பு இல்லன்னா மழைத் தண்ணி, இல்ல ஐஸ் பெட்டி உருகினது. உப்புன்னா முதல்ல பின்பக்க ட்ரெயின் ப்ளக், அதாவது போட்லேருந்து தண்ணிய வடிக்கிற ஓட்டையோட அடைப்பான், போடவே மறந்திருப்பீங்க, இல்ல வாஷர் போயிருக்கும். ஒரு ஸ்பேர் ப்ளக்க பக்கத்துலயே கயிறு போட்டு கட்டி வைங்க.

ப்ளக் சரின்னா போட்ட கரைக்கு ஏத்தி, வெளிய காய விட்டு, உள்ள ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க. எங்க கசியுதோ அங்க தான் ஓட்டை. மணல்ல இழுத்து இழுத்து ஏத்துற போட்டுக்கு அடி நடுக்கோடும், அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்குக் கீழயும் தேஞ்சிருக்கும். மேலாக்க இருக்கிற கீறலுக்கு தேய்ச்சுட்டு ஃபைபர் மேட்டும் ரெசினும் நீங்களே போடலாம், நல்லா காஞ்ச அப்புறம் தான் போடணும், ஈரத்துல போட்டா உரிஞ்சு வந்துடும்.

அடுத்து எஞ்சின் மாட்டுற பலகை. போல்ட் ஓட்டை வழியா தண்ணி இறங்கி உள்ள இருக்கிற மரம் ஊறிப் போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டிக்கிட்டே வாங்க, 'டக் டக்'னு வர்ற சத்தம் 'தொப் தொப்'னு மாறுற இடம் அழுகியிருக்கு. எஞ்சின முன்னும் பின்னும் ஆட்டும்போது பலகையும் சேந்து ஆடுச்சுன்னா அந்த போட்ட கடலுக்கு எடுக்காதீங்க, ஃபைபர் வேலை தெரிஞ்சவங்கள கூப்பிடுங்க. செலவு ஜாஸ்தி தான், ஆனா அலையில பலகை பிச்சுக்கிட்டா எஞ்சினோட சேந்து போட்டே போயிடும். செகண்ட் ஹாண்ட் வாங்குறவங்க இந்த தட்டுற வேலைய பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி பண்ணுங்க.

எஞ்சின் தண்ணில மூழ்கிடுச்சு

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல இப்படி வந்ததுங்க நிறைய. பாக்குறதுக்கு நல்லா இருக்குன்னு ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க, உள்ள தண்ணி இருக்கும்போது இழுத்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். நல்ல தண்ணில மொத்தமா கழுவுங்க, ப்ளக்க கழட்டி, ப்ளக் ஓட்டை கீழ பாக்குற மாதிரி சாய்ச்சு, மெதுவா சுத்தி தண்ணிய வெளிய விடுங்க, உள்ள ஆயில் ஊத்துங்க. ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள மெக்கானிக் கைக்கு வரணும், ஏன்னா கடல் தண்ணி பட்டது காத்து படும்போது தான் வேகமா துரு ஏறும். அன்னைக்கு யாரும் கிடைக்கலன்னா கழுவின எஞ்சின ஒரு பெரிய ட்ரம்ல நல்ல தண்ணிக்குள்ளயே முழுசா முக்கி வைங்க, ஆள் கிடைச்சதும் அந்த ட்ரம்மோடவே வண்டில ஏத்திக் கொண்டு போங்க.